எத்தனை மணிக்கு என்று யார் ஒழுங்காகச் சொல்கிறார்கள்?

அம்மா டிவியைப் பெரும்பாலும் அடுப்படியில் இருந்துதான் பார்ப்பார். கை மாவில் இருக்கும், காது ஹாலில் இருக்கும். பொங்கலுக்கு என்ன படம், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவருக்குக் காது வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். அதனால் ஒரு சேனல் தன் நிகழ்ச்சி நேரத்தை எப்படிச் சொல்கிறது என்பதை அம்மாவின் காதை வைத்தே நான் எடை போடுகிறேன்.

பழைய சென்னைத் தூர்தர்ஷனில் இருந்து தொடங்குகிறேன். 1975-ல் ஒளிபரப்பைத் தொடங்கிய நிலையம் அது. அங்கே 'முன்னோட்டம்' என்று ஒரு நிகழ்ச்சியே இருந்தது. வரும் வாரத்தில் எந்த நாள் என்ன வரும் என்று உட்கார்ந்து சொல்வார்கள். ஞாயிறு மாலைப் படம் எது என்று தெரிந்துகொள்ளவே அதற்காகக் காத்திருந்த வீடுகள் உண்டு. அலங்காரம் கிடையாது, அவசரமும் கிடையாது. கேட்பவர் பேப்பரும் பேனாவும் எடுத்து எழுதிக்கொள்ள அவகாசம் இருந்தது. இன்றைக்கு அந்த நிதானம் எந்தச் சேனலிலும் இல்லை.

1993-ல் சன் டிவி வந்த பிறகு அந்த வேலை ஒரு குரலின் கைக்குப் போனது. 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக' என்று தொடங்கி, 'திரைக்கு வந்து சில மாதங்களே ஆன' என்று இழுக்கும்போதே வீட்டில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் படத்தின் பெயர், கிழமை, மணி. நேரம் கடைசியில்தான் வரும். ஆனால் திரையில் எழுத்து நிற்கும்போதே குரலும் அதைச் சொல்லிவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவருக்கும் இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

விஜய் டிவியின் பலம் வேறு. ஆவலைத் தூண்டுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. 2017-ல் பிக் பாஸ் தொடங்கியதில் இருந்து ஒரே நாளில் இரண்டு, மூன்று ப்ரோமோ என்பது பழகிப்போய்விட்டது. சண்டை மூளும் இடத்தில், பாதிப் பேச்சில் வெட்டிவிடுவார்கள். யூடியூபிலும் அதைப் போடுவதால் ஆபீஸில் இருப்பவர் மதியமே பார்த்துவிடுகிறார். ஆனால் பல சீசன்களில் வார நாளுக்கு ஒரு நேரம், சனி ஞாயிறுக்கு வேறு நேரம். இப்படி நேரம் மாறுகிற நிகழ்ச்சிக்குத்தான் குரல் கட்டாயம் வேண்டும். கடைசி நொடியில் எழுத்து மட்டும் மின்னி மறைந்தால் அடுப்படிக்கு எதுவும் எட்டாது.

சீரியல் முன்னோட்டத்தில் இரண்டு வகை. அன்றைய பகுதி முடிந்ததும் நாளைக்கு வருவதில் இருந்து நாலு வசனம் காட்டுவது ஒன்று. வாரத்துக்கே சேர்த்து ஒரு ப்ரோமோ விடுவது இன்னொன்று. என் ஓட்டு முதல் வகைக்கு. வார ப்ரோமோவில் திங்கட்கிழமையே தாலியைக் கையில் எடுத்துவிடுவார்கள். அந்தக் காட்சி வரும்போது வெள்ளிக்கிழமை ஆகிவிடும். நடுவில் நாலு நாள் பார்த்தவருக்கு ஏமாற்றம்தான் மிச்சம்.

எனக்கு உண்மையிலேயே மனம் ஆறாதது படத்தின் மேலேயே ஓடும் பட்டை. விதிப்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரத்துக்கு 10 நிமிடம், சேனல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள 2 நிமிடம். பட்டைக்கு இடைவேளையே தேவையில்லை என்பது அவர்களுக்கு வசதி. ஒரு நாள் ஒரு சேனலில் பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தோம். கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கிறாள், எழுத்து திரை முழுக்க வருகிறது. சரியாக அப்போது கீழே இருந்து ஒரு காமெடி நிகழ்ச்சியின் நேரம் எழும்பி, கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை மூடிவிட்டது. கடிதத்தில் என்ன இருந்தது என்று அம்மா கேட்டார். சொல்ல எனக்குத் தெரியவில்லை.

செட்டாப் பாக்ஸ் கைடைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நினைவூட்டல் வைத்துக்கொள்ளலாம், அது நல்ல வசதி. ஆனால் எங்கள் வீட்டுப் பாக்ஸில் தமிழ் நிகழ்ச்சிகளின் பெயர் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் வருகிறது. இரண்டு சீரியலைச் சேர்த்து மகா சங்கமம் போடும் வாரத்திலும் அது பழையபடி இரண்டு பெயரையும் தனித்தனியாகக் காட்டிக்கொண்டிருந்தது.

பண்டிகை வந்தால் மூன்று நான்கு சேனலை ஒப்பிட்டுத்தான் நாளைத் திட்டமிட வேண்டியிருக்கிறது. காலையில் பட்டிமன்றம், பிறகு படம், மாலையில் இன்னொரு படம். போன தீபாவளிக்கு முந்தின இரவு அம்மா கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று நேரங்களை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். மூன்றுமே முறுக்கு பிழியும்போது காதில் விழுந்தவை.