வயிறு உப்புசம்: மாத்திரையா, பழக்க மாற்றமா, உணவை நீக்கிச் சோதிப்பதா?

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிறு இறுகிப் புடைக்கும். மாலை ஆனால் இடுப்பில் உடை பிடிக்கும். ஏப்பம் விட்டாலும் பாரம் இறங்காது. இந்தத் தொல்லை அடிக்கடி வருபவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: வாயுவுக்கான மாத்திரை, சாப்பிடும் பழக்கத்தை மாற்றுவது, சந்தேகமான உணவுகளைக் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. மூன்றையும் பார்த்த பிறகு நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவதை. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும், இடமும் அதற்கே அதிகம் போகும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தொடர் வாந்தி, மஞ்சள் காமாலை, வயிறு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போவது, இவற்றில் ஏதாவது இருந்தால் வீட்டுச் சோதனை வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள். 50 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் புதிதாக உப்புசம் தொடங்கி விடாமல் நீடித்தால் சினைப்பைப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அந்த நோய்க்கு ஆரம்பத்தில் இதைவிடப் பெரிய அறிகுறி இல்லாமலும் போகலாம். "வாயுத் தொல்லைதான்" என்று தள்ளிப்போடக் கூடாத இடம் இது.

சரி, காரணத்துக்கு வருவோம். உப்புசம் என்றாலே குடலில் வாயு அதிகம் என்றுதான் நினைக்கிறோம். பாதி நேரம் அது சரியில்லை. சாதாரணமாக ஒருவர் குடலில் எந்த நேரமும் சுமார் 200 மில்லி வாயு இருக்கும். உப்புசத்தால் அவதிப்படும் பலருக்கும் அளவு கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதே வாயுவை அவர்கள் குடல் நரம்புகள் அதிகமாக உணர்கின்றன. இன்னும் சிலருக்குச் சாப்பிட்டதும் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள மூச்சுத் தசை) கீழே இறங்கி, வயிற்றின் முன்தசை தளர்ந்து, வயிறு நிஜமாகவே முன்னால் தள்ளுகிறது. இவை தவிர, தெரிந்த காரணங்கள் உண்டு: அவசரமாகச் சாப்பிடும்போது விழுங்கும் காற்று, செரிக்காத சர்க்கரைகளைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைப்பது, மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தைய ஹார்மோன் மாற்றம். இத்தனை காரணம் இருப்பதால்தான் ஒருவருக்குக் கேட்ட வைத்தியம் இன்னொருவருக்குக் கேட்பதில்லை.

முதலில் மாத்திரை. கடையில் கிடைக்கும் பெரும்பாலான வாயு மாத்திரைகளில் இருப்பது சிமெத்திகோன். சிறு சிறு வாயுக் குமிழிகளை ஒன்றாகச் சேர்த்து வெளியேற வழி செய்வது இதன் வேலை. ரத்தத்தில் சேராது, அதனால் பெரிய ஆபத்தும் இல்லை. ஆனால் வாயு உண்டாவதை இது தடுக்காது. கரி மாத்திரை இன்னொரு வகை. நீங்கள் வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்தையும் அது சேர்த்து உறிஞ்சிவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. செரிமானத்துக்கு உதவும் என்சைம் மாத்திரைகளை மட்டும் இந்தக் கூட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். பால் சர்க்கரையை உடைக்க லாக்டேஸ், பருப்பு வகைகளில் உள்ள சர்க்கரையை உடைக்க ஆல்ஃபா கேலக்டோசிடேஸ். இவற்றைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு எடுத்தால்தான் பலன், வயிறு ஊதிய பிறகு எடுத்துப் பயனில்லை. எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று முன்பே தெரிந்திருந்தால் இது நல்ல துணை. தெரியாதவர்களுக்கு இது குருட்டடிதான்.

புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது என்று எடுக்கும் உயிருள்ள பாக்டீரியாக்கள், பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு பாக்டீரியா வகைக்கும் பலன் வேறு வேறு. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2020 வழிகாட்டுதலில், குடல் எரிச்சல் நோயாளிகள் (ஐபிஎஸ் எனப்படும், வயிற்று வலியும் மலம் போவதில் மாற்றமும் நீடிக்கும் தொல்லை உள்ளவர்கள்) இதை ஆய்வுகளின் பகுதியாக மட்டும் எடுக்கலாம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. சிலருக்குத் தொடக்கத்தில் உப்புசம் கூடவும் செய்கிறது. எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஒருவர் அனுபவத்தை வைத்து அதை ஒதுக்கவும் முடியாது.

இரண்டாவது வழி, பழக்க மாற்றம். நிதானமாக மென்று சாப்பிடுவது, ஒரே நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுவது, கொழுப்பையும் காபியையும் குறைப்பது, சோடா வகையையும் சூயிங்கத்தையும் விடுவது, சாப்பிட்டதும் சிறிது நடப்பது. எல்லோருக்கும் தெரிந்த பட்டியல்தான், ஆனால் லேசாக நினைக்க வேண்டாம். சுவீடனில் நடத்தி 2015இல் வெளியான ஓர் ஆய்வு, குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இந்த வழக்கமான அறிவுரையையும் மற்றதற்கு உணவு நீக்கும் முறையையும் கொடுத்தது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குணம் தெரிந்தது. நான் சாய்ந்திருக்கும் முறைக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் இதுதான்.

இந்த வழியிலேயே மலச்சிக்கலும் அடங்கும். தினமும் போகிறோம் என்பதால் சிக்கல் இல்லை என்று அர்த்தமில்லை. முக்க வேண்டியிருக்கிறதா, முழுதாகப் போகாத உணர்வு இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மலம் தங்கினால் வாயுவுக்கும் வழி அடைபடும், நொதிப்பதற்கு நேரமும் அதிகம் கிடைக்கும். இதற்கு நார்ச்சத்து என்று தவிட்டை அள்ளிப் போட்டால் உப்புசம் ஏறும். இசப்கோல் மெதுவாகத்தான் நொதிக்கும், அதனால் பரவாயில்லை. அதையும் குறைந்த அளவில் தொடங்கி, தண்ணீர் அதிகம் குடித்து, வாரம் வாரமாகக் கூட்ட வேண்டும். மலச்சிக்கல் உள்ளவர்கள் அதைச் சரிசெய்யாமல் மூன்றாவது வழிக்கு வருவதில் பொருளே இல்லை.

இனி மூன்றாவது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் ஆகியோர் 2005இல் ஃபாட்மேப் என்ற பெயரை அறிமுகம் செய்தார்கள். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் நொதிக்கும் சில சர்க்கரை வகைகளின் கூட்டுப் பெயர் அது. பாலில் லாக்டோஸ், வெங்காயம் பூண்டு கோதுமையில் ஃப்ரக்டான், பருப்பு வகைகளில் கேலக்டான், தேனிலும் மாம்பழத்திலும் கூடுதல் ஃப்ரக்டோஸ், சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் சார்பிட்டால். இவை குடலுக்குள் நீரையும் இழுக்கும், வாயுவையும் உண்டாக்கும். இரண்டும் சேர்ந்தால் குடல் விரியும்.

முறை மூன்று கட்டம். முதலில் இரண்டு முதல் ஆறு வாரம் இவற்றையெல்லாம் நிறுத்த வேண்டும். அரிசி, முட்டை, மீன், இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், ஆரஞ்சு, லாக்டோஸ் நீக்கிய பால் என்று சாப்பிட நிறைய இருக்கிறது, பட்டினி இல்லை. பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். கடைசியில், ஒத்துக்கொள்ளாததை மட்டும் தேவையான அளவுக்குக் குறைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் சாப்பிடலாம்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வருகிறது. பலர் முதல் கட்டத்தையே முழு வைத்தியமாக எடுத்துக்கொள்கிறார்கள். உப்புசம் குறைந்ததும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அப்படித் தங்கினால் மாத்திரையைவிட மோசமான தேர்வு அது. வெளியில் சாப்பிட முடியாது, விருந்துக்குப் போக முடியாது, நார்ச்சத்து குறையும், குடலுக்கு நன்மை செய்யும் பிஃபிடோ பாக்டீரியாக்களும் குறையும். வருடக் கணக்கில் கடைப்பிடிக்க முடியாத ஒன்றை வைத்தியம் என்று சொல்லக் கூடாது. இந்த முறையின் மதிப்பு நீக்குவதில் இல்லை, திரும்பச் சேர்ப்பதில் இருக்கிறது. மாத்திரைக்குத் தினமும் செலவும் கவனமும் வேண்டும். பழக்க மாற்றத்தை விட்டால் தொல்லை திரும்பும். இதில் சில வாரங்கள் கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் கையில் தங்கிவிடும். பராமரிப்பு என்று பார்த்தால் மூன்றில் குறைந்த சுமை இதற்குத்தான், அதுவும் இரண்டாம் கட்டத்தை முடித்தவர்களுக்கு மட்டும்.

சேர்ப்பது எப்படி? மற்ற உணவெல்லாம் நீக்கிய நிலையிலேயே இருக்க, ஒரே ஒரு பொருளை மூன்று நாள் சோதிக்க வேண்டும். பால் என்றால் முதல் நாள் கால் கப், அடுத்த நாள் அரை கப், மூன்றாம் நாள் ஒரு கப். அப்புறம் இரண்டு மூன்று நாள் இடைவெளி. பிறகுதான் அடுத்த பொருள். நோட்டில் எழுத வேண்டியது என்ன சாப்பிட்டோம், எவ்வளவு, எத்தனை மணிக்கு, வயிறு எத்தனை மணிக்கு ஊதியது, மலம் எப்படி, தூக்கம் எப்படி. பெண்கள் மாதவிடாய்த் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஹார்மோன் செய்ததற்கு உணவின் மேல் பழி விழும்.

மணியை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உணவு பெருங்குடலை எட்டி நொதிக்கப் பல மணி நேரம் ஆகும். இரவு ஊதும் வயிற்றுக்கு மதியச் சாப்பாடு காரணமாக இருக்கலாம், ஆனால் நம் கண்ணில் கடைசியாகச் சாப்பிட்டதுதான் மாட்டுகிறது. நான் சந்தேகப்பட்டது பாலை. சோதனையில் மூன்றாம் நாள் ஒரு கப் குடித்தும் வயிறு அமைதியாக இருந்தது. வெங்காயத்தில்தான் வந்தது வினை. முதல் நாள் இரண்டு மெல்லிய வளையம் சாப்பிட்டபோது ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் மதியம் கால் பங்கு சாப்பிட்டதற்கு மாலையில் இடுப்புப் பட்டியைத் தளர்த்த வேண்டியிருந்தது. கோதுமை ரொட்டியில் ஒரு துண்டுக்குப் பிரச்சினை இல்லை, மூன்று துண்டு போனால் இருக்கிறது. மாத்திரையோ பொது அறிவுரையோ இவ்வளவு துல்லியமாக எனக்குச் சொல்லியிருக்காது.

குற்றவாளி மாறிப்போவது எனக்கு மட்டும் நடந்ததும் அல்ல. கோதுமையில் உள்ள புரதமான குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பியவர்களிடம் நார்வேயில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், குளூட்டன் கலந்த தின்பண்டத்தைவிட ஃப்ரக்டான் கலந்ததற்கே உப்புசம் கூடுதலாக இருந்தது. இப்படிக் காரணம் தெரிந்தால் வழியும் பிறக்கும். ஃப்ரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கிப் பூண்டை எடுத்துவிட்டால் மணம் மட்டும் எண்ணெயில் தங்கும், அந்த எண்ணெயில் தாராளமாகச் சமைக்கலாம். பருப்பு வகைகளை ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் கேலக்டானில் ஒரு பகுதி போய்விடும். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை, அதாவது ஒரு கப் பால் வரை, தாங்குவார்கள். முழுதாக விட வேண்டிய பொருள் மிகக் குறைவு, அளவு தெரிந்தால் போதும்.

ஆனால் இது எல்லோருக்குமான வழி இல்லை. எடை மிகக் குறைவாக உள்ளவர்கள், உணவைக் கண்டு பயப்படும் மனநிலையைக் கடந்து வந்தவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் தாங்களாகவே தொடங்கக் கூடாது. முடிந்தால் உணவியல் நிபுணர் துணையோடு செய்வது நல்லது. கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனையை எடுத்துவிட வேண்டும். நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

நீக்கும் கட்டத்தை ஒழுங்காக முடித்தும் வயிறு கொஞ்சம்கூட மாறவில்லை என்றால் நீட்டிக்க வேண்டாம், பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுங்கள். உங்கள் உப்புசத்துக்குக் காரணம் சர்க்கரை நொதிப்பு இல்லை என்று அதற்கு அர்த்தம். சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கிறதா என்று மூச்சுப் பரிசோதனையில் பார்க்கலாம். உதரவிதானம் இறங்குவதால் வருவதென்றால் மூச்சுப் பயிற்சி உதவும் என்கிறார்கள். இந்த இரண்டிலும் எனக்குச் சொந்த அனுபவம் கிடையாது, அதனால் எது மேல் என்று ஒப்பிட மாட்டேன்.

ஒத்துக்கொள்ளாது என்று ஒதுக்கியதைச் சில மாதம் கழித்து மறுபடியும் சோதித்துப் பாருங்கள். குடலின் தாங்கும் அளவு மாறிக்கொண்டே இருக்கும். வெங்காயத்தில் எனக்கு இப்போது கால் பங்கு வரை தாங்குகிறது, அதுவும் சமைத்தால்தான்.