ஏழு ரோடு பக்கம் ஒரு ஸ்பானிஷ் மாலை வகுப்பு: பாடம் அருமை, ஜெராக்ஸ் தாள் மோசம்

கொடைக்கானல் ஏழு ரோட்டிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு கம்பளிக் கடையின் மாடியில் இந்த வகுப்பு நடக்கிறது. நான் சுற்றுலாக் கார் ஓட்டுகிறேன். ஸ்பெயினிலிருந்து வருகிறவர்களிடம் நாலு வார்த்தை மரியாதையாகப் பேச வேண்டும், அவ்வளவுதான் என் தேவை. மாதம் 1,500 ரூபாய் கட்டணம். கொடுக்கலாம்.

எழுத்து, எண் பாடங்கள் எங்கும் இருப்பவைதான். 'செய்வேன், போவேன், விரும்புவீர்களா' என்று நயமாகப் பேச உதவும் கண்டிஷனல் பாடத்தில்தான் டீச்சரின் கைவண்ணம் தெரிகிறது. நிகழ்காலத்தில் வினையின் வாலை வெட்டி வேறொன்றை ஒட்டுவோம். இதில் வெட்டவே கூடாது என்கிறார். ஆப்லார் (பேசுவது), கொமேர் (சாப்பிடுவது), பிபீர் (வாழ்வது) என்று எந்த வகை வினையானாலும் முழுச்சொல்லோடு ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாய்ஸ், ஈயான் சேர்த்தால் முடிந்தது. பேசுவேன் என்றால் ஆப்லரீயா. 'அவர் பேசுவார்' என்பதற்கும் அதேதான், யார் என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். 'இருந்தால், போனால்' என்று 'ஆல்' வரும் நிபந்தனைப் பாதியில் இந்த வடிவத்தைப் போட்டால் உடனே நிறுத்தித் திருத்துகிறார். விளைவைச் சொல்லும் பாதியில்தான் அது வரலாமாம்.

எனக்குச் சோறு போடும் வாக்கியம் இது: "யோ கே உஸ்தேத், இரீயா போர் லா மன்யானா." நான் உங்கள் இடத்தில் இருந்தால் காலையில் போவேன். மதியத்துக்கு மேல் தூண் பாறைக்குப் போனால் பல நாள் மூடுபனியைத்தான் பார்த்துத் திரும்ப வேண்டும். அதைப் பயணியின் மனம் நோகாமல் சொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது.

குறைக்கு வருகிறேன். ஆறு வடிவங்களிலும் 'ஈ' ஒலி எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு கட்டாயம் உண்டு. கொடுக்கும் ஜெராக்ஸ் தாளில் பாதிக் கோடுகளைக் காணோம். காசு வாங்குகிறவர்கள் இதையா மிச்சம் பிடிப்பது? கேட்டுப் பழக வைத்திருக்கும் ஸ்பீக்கரும் சின்னது. தகரக் கூரையில் மழை அடித்தால் கொமீயாவும் கொமெரீயாவும் ஒன்றாகவே கேட்கும். முன்னது 'சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்', பின்னது 'சாப்பிடுவேன்'. நடுவில் உள்ள 'எர்' போனால் பொருளே போச்சு.

விதி மீறும் வினைகள் ஒரு டஜன் அளவுக்கு உண்டு, அவற்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார். அதில் 'முடியுமா' என்று கேட்க உதவும் போத்ரீயாவை மட்டுமாவது முன்னால் கொண்டுவந்திருக்கலாம். 'கொஞ்சம் காத்திருக்க முடியுமா' என்று கேட்காமல் எந்த ஓட்டுநருக்கும் ஒரு நாள்கூட ஓடாது.

ஏப்ரல், மே சீசனில் வகுப்பு கிடையாது. எங்களைப் போன்றவர்களுக்கு அதுவும் வசதிதான்.