கிளவுட் சர்வரில் சொந்தமாக ஓஎஸ் ஏற்ற: ஐஎஸ்ஓவா, ரெஸ்க்யூவா, இமேஜ் அப்லோடா?

கிளவுட் நிறுவனம் தரும் பட்டியலில் இல்லாத ஓஎஸ் வேண்டுமென்றால் வழி மூன்று: ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் டிஸ்கின் நகலான ஒரே கோப்பு) மாட்டி பிரவுசர் கன்சோலில் (சர்வரின் திரையை பிரவுசரில் காட்டும் வசதி) இன்ஸ்டால் செய்யலாம், ரெஸ்க்யூ மோடில் (சர்வரின் டிஸ்கைச் சாராமல் ஓடும் தற்காலிக லினக்ஸ்) பூட் செய்து ரெடிமேட் இமேஜை (ஓஎஸ் ஏற்கெனவே ஏறிய டிஸ்கின் நகல்) டிஸ்கில் எழுதலாம், வேறு இடத்தில் தயாரித்த இமேஜை அப்லோட் செய்யலாம். விண்டோஸுக்கு ஐஎஸ்ஓ, லினக்ஸுக்கு ரெஸ்க்யூ என்பதே எங்கள் கட்சி. ஆனால் தேர்வு முழுக்க நம் கையில் இல்லை. ஹெட்ஸ்னர் கிளவுடில் ரெஸ்க்யூ, ஐஎஸ்ஓ இரண்டும் உண்டு. வல்ட்ரில் சொந்த ஐஎஸ்ஓ ஏற்றலாம். டிஜிட்டல் ஓஷனிலும் அமேசான் இசி2விலும் சொந்த ஐஎஸ்ஓ மாட்ட முடியாது.

ஐஎஸ்ஓ வழியில் விண்டோஸ் ஏற்றுபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது டிஸ்க் பட்டியல் காலியாக வரும் திரையில். டிஸ்க் பழுதில்லை, கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகர் மெஷின் தொழில்நுட்பம்) சர்வர்களில் டிஸ்க் விர்ட்டியோ என்ற மெய்நிகர் சாதன முறை வழியாக வருகிறது, அதற்கான டிரைவர் விண்டோஸ் செட்டப்பில் கிடையாது. விர்ட்டியோ-வின் (virtio-win) என்ற டிரைவர் ஐஎஸ்ஓவை மாட்டி 'லோட் டிரைவர்' அழுத்துங்கள். டிஸ்க் ஸ்கஸி வகை என்றால் வியோஸ்கஸி, பிளாக் வகை என்றால் வியோஸ்டோர். உங்கள் விண்டோஸ் பதிப்புக்குரிய ஃபோல்டரில் 64 பிட் டிரைவரை எடுங்கள். அங்கேயே நெட்வொர்க் டிரைவரான நெட்கேவிஎம்மையும் ஏற்றிவிட்டால் பிறகு நெட்வொர்க் இல்லாமல் திண்டாட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு ஐஎஸ்ஓதான் என்ற இடங்களில், டிரைவர் ஏறியதும் விண்டோஸ் ஐஎஸ்ஓவை மறுபடி மாட்டி 'ரெஃப்ரெஷ்' அழுத்த வேண்டும். இதை மறந்தால் டிஸ்க் கண்ணில் படும், ஆனால் அதில் இன்ஸ்டால் செய்ய முடியாது என்று செட்டப் அடம்பிடிக்கும்.

லினக்ஸுக்கும் இதே வழியா? டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்யவோ பார்ட்டிஷனை இஷ்டம்போல் பிரிக்கவோ வேண்டுமென்றால் மட்டும். முடிந்ததும் ஐஎஸ்ஓவைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் ரீபூட்டில் இன்ஸ்டாலரே திரும்ப வந்து நிற்கும்.

ரெஸ்க்யூவில் வேலை சில நிமிடம்தான். இலக்கு டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை (ஓஎஸ்ஸோடு இணைந்து பயன்பாட்டில் இல்லை) என்று உறுதிசெய்து, டெபியன் 12 கிளவுட் இமேஜை டிடி (dd) கட்டளையால் முழு டிஸ்க் மீது எழுதுங்கள் (பார்ட்டிஷன் மீது அல்ல). கேவிஎம்முக்கு 'ஜெனரிக்கிளவுட்' போதும். அதன் கர்னலில் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) நிஜ வன்பொருள் டிரைவர்கள் கழிக்கப்பட்டிருக்கும். மெய்நிகர் அல்லாத நிஜ மெஷினான தனி சர்வர் என்றால் 'ஜெனரிக்'. 'நோகிளவுட்' இமேஜில் ரூட் (நிர்வாகி) கணக்கில் பாஸ்வேர்ட் இல்லாமலே நுழையலாம், இணையத்தில் இருக்கும் சர்வருக்கு ஆகாது. எழுதி முடித்தபின் ஜிபிடியின் (பார்ட்டிஷன் பட்டியல்) பேக்கப் நகல் டிஸ்க் நடுவில் கிடக்கும். எஸ்ஜிடிஸ்க் (sgdisk) கட்டளையால் அதைக் கடைசிக்கு நகர்த்துங்கள்.

சர்வர் பூட் ஆகியும் உள்ளே நுழைய முடியவில்லையா? ஜெனரிக்கிளவுட், ஜெனரிக் இமேஜ்களில் பாஸ்வேர்டால் நுழைய வழி இருக்காது. முதல் பூட்டில் அமைப்புகளைச் செய்யும் கிளவுட்-இனிட் என்ற நிரல்தான் மெட்டாடேட்டாவிலிருந்து (கிளவுட் நிறுவனம் சர்வருக்குத் தரும் விவரங்கள்), பெரும்பாலும் 169.254.169.254 என்ற முகவரியிலிருந்து, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் முறை) சாவியை எடுத்துப் போட வேண்டும். அது நடக்காவிட்டால் மறுபடி ரெஸ்க்யூவுக்குள் போய் ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, வார் → லிப் → கிளவுட் → சீட் → நோகிளவுட் ஃபோல்டரில் (மேலே சொன்ன இமேஜ் அல்ல, பெயர்தான் ஒன்று) யூசர்-டேட்டா, மெட்டா-டேட்டா கோப்புகளை நாமே எழுதிவைக்கலாம். ஐபியைக் கையால் கொடுப்பவர்களுக்கு இன்னொன்று: ஹெட்ஸ்னர் கிளவுடில் கேட்வே 172.31.1.1, முகவரியோ 32 பிட் மாஸ்க். 'ஆன்லிங்க்' (கேட்வே நேரடியாக எட்டும் தூரத்தில்) என்று குறிப்பிடாமல் நெட்வொர்க் பாதை (route) ஏறாது.

இமேஜ் அப்லோட்தான் மூன்றில் பொறுமையைச் சோதிப்பது. ஒரே மாதிரி பல சர்வர் வேண்டுமென்றால் அல்லது வேறு வழியே இல்லையென்றால் இதைத் தொடுங்கள். மைக்ரோசாஃப்டின் அஷூர் கிளவுட், நிலையான அளவு விஹெச்டியை (ஒரு வகை டிஸ்க் இமேஜ் கோப்பு) மட்டுமே ஏற்கும். விஹெச்டிஎக்ஸ் ஆகாது, அளவும் 1 எம்பியின் முழு மடங்காக இருக்க வேண்டும். இசி2வின் நைட்ரோ வகை சர்வர்களில் டிஸ்க்குக்கு என்விஎம்இ டிரைவரும் நெட்வொர்க்குக்கு ஈஎன்ஏ டிரைவரும் வேண்டும். ரெட்ஹேட் குடும்ப லினக்ஸில் டிராகட் என்ற கருவி, இமேஜ் தயாரித்த மெஷினுக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) வைக்கும். அதனால்தான் வீட்டில் ஓடிய இமேஜ் இசி2வில் பூட் ஆகாமல் எமர்ஜென்சி ஷெல்லில் போய் விழுகிறது. டிராகட்டின் ஹோஸ்ட்-ஒன்லி (அந்த மெஷினுக்கு மட்டும்) அமைப்பை அணைத்து இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்குங்கள். எஃப்எஸ்டேப்பில் (எந்த டிஸ்க் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்ற பட்டியல்) டிஸ்க் பெயருக்குப் பதில் யூயூஐடி (மாறாத அடையாள எண்) போடுங்கள். பூட்டின்போது கர்னலுக்குத் தரும் கட்டளை வரியில் சீரியல் கன்சோலை (பூட் செய்திகளை எழுத்தாக வெளியே அனுப்பும் இணைப்பு) 115200 வேகத்தில் சேர்க்காவிட்டால் திரை காலியாகவே இருக்கும், எங்கே நின்றது என்றே தெரியாது. ஒவ்வொரு பிழைக்கும் பல ஜிபியை மறுபடி ஏற்ற வேண்டிவருவதால், முதலில் சொந்தக் கணினியில் கியூஎமு என்ற மெய்நிகர் மெஷின் மென்பொருளில் என்விஎம்இ டிஸ்க் வைத்து பூட் செய்து பார்த்துவிட்டு அப்லோட் செய்யுங்கள்.