போகிக்கு முந்தின நாளே கிளம்பினோம்

"உங்க இடத்துல போகிக்கு எரிப்பீங்களா?"

டிசம்பரில் சிங்கப்பூரில் இருந்தபடியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் தங்குமிடங்களுக்கு ஒவ்வொன்றாக போன் போட்டேன். எல்லாரிடமும் முதலில் கேட்டது இதைத்தான். கடல் தெரியுமா, காலைச் சாப்பாடு சேர்த்தா, நீச்சல் குளம் எத்தனை அடி என்று கேட்பவர்களையே பார்த்துப் பழகியவர்கள், இதைக் கேட்டதும் கொஞ்சம் தடுமாறினார்கள். ஒருத்தர் "எரிக்கணுமா மேடம், ஏற்பாடு பண்ணிடலாம்" என்றார்.

எங்கள் வீடு வில்லிவாக்கத்தில். அம்மா தனியாக இருக்கிறார், எழுபத்தொரு வயது. பொங்கலுக்கு நாங்கள் வராவிட்டால் அவருக்கு அது பொங்கலே இல்லை. என் மகளுக்கு ஒன்பது வயது, நாலு வயதிலிருந்து வீசிங் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போகி அன்று விடிகாலை நாலு மணிக்கு அவள் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஜன்னலைச் சாத்தியும் பலன் இல்லை. தெருவில் மூன்று இடத்தில் நெருப்பு, அதில் ஒன்றில் இரண்டு டயர். ரப்பர் கருகும் வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டே இருந்தது. பக்கத்துத் தெரு குழந்தை டாக்டர் மாடியில் குடியிருந்ததால் பிழைத்தோம். ஐந்தரைக்குக் கதவைத் தட்டினோம், வேட்டியோடு இறங்கி வந்து கிளினிக்கைத் திறந்து நெபுலைசர் வைத்தார். பையில் கையை விட்டபோது, "பண்டிகை நாளும் அதுவுமா, போங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அந்த மாதிரி ஒரு சேவையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

புகை எனக்குப் புதிது இல்லை. 2013 ஜூனில் சிங்கப்பூரில் காற்று மாசுக் குறியீடு 401-ஐத் தொட்டபோது நான் அங்கேதான் இருந்தேன். 2015-ல் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் சதுப்புக் காடுகள் எரிந்து வந்த புகையில் செப்டம்பர் 25 அன்று பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். மகள் அப்போது என் வயிற்றில் ஆறு மாதம். ஆனால் அந்தப் புகை என்றைக்கு வரும், எத்தனை நாள் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. போகிப் புகைக்கு நாளும் நேரமும் தினசரி காலண்டரிலேயே அச்சாகி இருக்கிறது. தெரிந்தும் அதன் நடுவில் குழந்தையைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது என் தவறு. இந்தத் தடவை அதைச் செய்யக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

அம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய பாடு. "அன்னிக்குத் திருவாதிரை வேற வருது. களி யாரு கிளர்றது? மறுநாள் பொங்கப் பானையை எவ வீட்டு வாசல்லடி வைக்கிறது?" என்றார். நியாயமான கேள்விகள்தான். அடுப்பு இருக்கிற இடமாகப் பார்க்கிறேன், பானையைக் கையோடு கொண்டுபோவோம் என்றேன். மூன்று நாள் யோசித்துவிட்டு, "குழந்தைக்காக வரேன்" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடற்கரைக்குப் போய்விட்டால் காற்று சுத்தம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போகிக்கு மெரினா பக்கமோ பெசன்ட் நகரிலோ அறை எடுத்துத் தங்குவதில் பிரயோஜனம் இல்லை. பகலில்தான் காற்று கடலிலிருந்து கரைக்கு வரும். பின்னிரவில் தரை குளிர்ந்ததும் காற்று திரும்பி, கரையிலிருந்து கடலுக்குப் போகும். நெருப்பு வைப்பதும் அந்த நேரத்தில்தான். ஊரின் புகை முழுக்க உங்கள் ஜன்னலைத் தாண்டித்தான் கடலுக்குப் போகும். அதோடு மார்கழிக் கடைசியில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகக் கிடக்க, அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று சட்டிக்கு மூடி போட்டது போல உட்கார்ந்துவிடுகிறது. புகை மேலே ஏற வழி இல்லை. பனியும் சேர்ந்தால் எதிர் வீடு தெரியாது. 2018 போகி அன்று காலை சென்னையில் இறங்க முடியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். ஆகவே ஊருக்கு வருகிறவர்கள் போகி விடிகாலையில் இறங்கும் டிக்கெட்டை மட்டும் எடுக்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். நாங்கள் நாலு நாள் முன்னதாகவே வந்துவிட்டோம்.

நகரத்தை விட்டு நன்றாகத் தள்ளி, மேற்கே பெரிய ஊர் இல்லாத கரையாக வேண்டும். புதுச்சேரி 150 கிலோமீட்டர், அதுவும் ஒரு நகரம்தான். தரங்கம்பாடி எனக்கு ரொம்பப் பிடித்த இடம், ஆனால் அம்மாவின் முழங்கால் அவ்வளவு நேரம் காரில் மடங்கி உட்கார ஒத்துக்கொள்ளாது. மாமல்லபுரத்தை ஒட்டி, அதற்குக் கொஞ்சம் வடக்கே என்று தீர்மானித்தேன். நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். தை மாத வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து கடல் மேலாக வருவதால் சென்னையின் புகை அந்தப் பக்கம் வர வாய்ப்புக் குறைவு.

முதலில் பதிவு செய்தது ஒரு பெரிய ரிசார்ட். பெயர் வேண்டாம். எரிக்க மாட்டோம் என்று போனில் சொன்னதை நம்பி முழுப் பணமும் கட்டினேன். நாங்கள் சென்னைக்கு வந்து சேர்ந்த அன்று அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, போகி இரவு கடற்கரை மணலில் நெருப்பு மூட்டி விருந்து, எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டார். நான் குழந்தையின் நிலைமையைச் சொன்னேன். உங்கள் அறை இருநூறு அடி தள்ளித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. மேலாளரிடம் பேசினேன், பணம் திரும்பாது என்றார். முதலில் என்ன சொன்னார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் விட்டது எனக்கு வினையாகிவிட்டது. மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகு பாதிப் பணம் தந்தார்கள். மீதிப் பாதி போனதைவிட, நோயுள்ள குழந்தை என்று சொன்ன பிறகும் அந்தக் குரலில் ஒரு மாற்றமும் இல்லாததுதான் என்னை அதிகம் வருத்தியது.

அதன் பிறகு கிடைத்ததுதான் சாளுவன்குப்பம் பக்கத்தில் ஒரு மீனவக் குடும்பம் மாடியில் வாடகைக்கு விடும் இரண்டு அறை. எங்கள் தெரு டிராவல்ஸ்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த வீட்டு அக்காவிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"எரிக்கிறதா? இங்க யாரும் கொளுத்த மாட்டாங்கம்மா. வலை பூரா நைலான், போட்டு பூரா ஃபைபர். ஒரு பொறி பட்டா எங்க பொழப்பே போயிடும்."

அத்தனை போன் பேச்சில் எனக்குத் திருப்தி தந்த ஒரே பதில் இதுதான். எங்களுக்காகச் சொன்ன வாக்கு என்றால் மாறலாம். அவர்கள் வயிற்றுப் பிழைப்பே காரணம் என்கிறபோது மாறாது. வேறு மூன்றும் கேட்டுக்கொண்டேன். கொசுவுக்குப் புகை அடிக்கிறார்களா, ஜெனரேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது, கொசுவர்த்திச் சுருள் இல்லாமல் வலை கட்ட முடியுமா என்று. ஜெனரேட்டரே கிடையாது, இன்வெர்ட்டர்தான். கட்டில் இரண்டுக்கும் கொசுவலை கட்டி வைத்திருந்தார். ஒரு நாளைக்கு 2,500 ரூபாய், சாப்பாடு தனி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். போகி என்றாலே இரவு என்று என் கணவர் நினைத்திருந்தார். அவர் கோலாலம்பூரில் வளர்ந்தவர். போகி நாள் விடியும் முன்பே நெருப்பு வைத்துவிடுவார்கள், ஆகவே முந்தின நாள் சாயங்காலத்துக்குள் ஊரைத் தாண்டியிருக்க வேண்டும். கிளம்பும் முன் அம்மா பழைய தலையணை இரண்டு, கிழிந்த பாய், மகளின் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் கட்டி வாசலில் வைத்தார். போகிக்கு முன்பாக மாநகராட்சியே பழைய துணி, டயர், பிளாஸ்டிக் எல்லாம் எரிக்காமல் தங்களிடம் கொடுக்கச் சொல்லி அறிவிக்கிறது. தூய்மைப் பணி செய்கிற அம்மா பேட்டரி வண்டியில் வந்து வாங்கிக்கொண்டார். எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் கொடுத்தார்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றார்.

ஓட்டுநர் அண்ணன் கத்திப்பாரா, கிண்டி, அடையாறு, திருவான்மியூர் என்று போய்க் கடற்கரைச் சாலையைப் பிடித்தார். கேட்காமலே ஏசியை வெளிக்காற்று வராதபடி மாற்றினார். "என் பையனுக்கும் இளைப்பு இருக்குக்கா" என்றார். சுங்கச்சாவடியில் கொஞ்ச நேரம் நின்றது போக இரண்டேகால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

மருந்து விஷயத்தில் வீசிங் குழந்தையோடு வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சிங்கப்பூர் பிளக் நம் ஊர்ச் சுவரில் நுழையாது, மாற்று பிளக்கைத் தேடி அலையாமல் பேட்டரியில் ஓடும் சின்ன நெபுலைசராகக் கொண்டுவாருங்கள். இன்ஹேலரோடு அதன் வாயில் மாட்டும் குழாயான ஸ்பேசரையும் மறக்காதீர்கள். தங்கும் இடத்திலிருந்து மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று முன்னாலேயே பாருங்கள். எங்களுக்கு வடக்கே கேளம்பாக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மேற்கே செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரண்டுக்கும் வழியை ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டு எழுதி வைத்தேன். 108 எண்ணை மகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். நல்ல வேளை, எதுவும் தேவைப்படவில்லை.

போகி அன்று நாலு மணிக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்துவிட்டது. மொட்டை மாடிக்குப் போனேன். கருவாட்டு வாசனையும் உப்புக் காற்றும் தவிர ஒன்றும் இல்லை. கீழே இறங்கி வந்து மகள் மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விசில் சத்தம் இல்லை. ஆறு மணிக்கு வில்லிவாக்கத்துப் பக்கத்து வீட்டு மாமி வாட்ஸ்அப்பில் தெருவைப் படம் பிடித்து அனுப்பினார். தெருவிளக்கைச் சுற்றி மஞ்சளாக ஒரு வட்டம், வேறு எதுவும் அதில் தெரியவில்லை. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி என்று ஒவ்வொரு நிலையமாகப் பார்க்கலாம். அதைத் திறக்கவே எனக்கு மனசு வரவில்லை. மாமிக்கும் அறுபத்தெட்டு வயது. அவரையும் கூப்பிட்டிருக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது.

அன்று காலை அம்மா அக்காவின் அடுப்படியில் களி கிளறினார். அக்கா பறங்கிக்காயும் அவரைக்காயும் வாங்கிவந்து கூட்டுக்கு நறுக்கிக் கொடுத்தார். பண்டிகை என்று அன்றும் மறுநாளும் எங்களுக்காக வீட்டில் மீன் சமைக்காமல் இருந்தார்கள், நாங்கள் கேட்கவே இல்லை.

வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போக மகளுக்கு ஆசை. திங்கட்கிழமை அங்கே விடுமுறை, இதை நான் பார்க்காமல் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக நடந்தே புலிக்குகைக்குப் போனோம். அதன் பக்கத்தில், 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டியெடுத்த பழைய முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம் இருக்கிறது. அம்மா அங்கே வெகுநேரம் நின்றார். சாயங்காலம் கடற்கரைக் கோயில். நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தால் இந்தியக் கட்டணம்தான், அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். 15 வயதுக்குக் கீழே இலவசம். அதே டிக்கெட்டில் ஐந்து ரதங்களையும் பார்க்கலாம். டிக்கெட் கொடுத்த தம்பி அட்டையைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். இளநீர்க்காரர் வரைக்கும் எல்லாரும் க்யூஆர் வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் போன் எண்ணை, வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் என்ஆர்ஓ கணக்கோடு இணைத்து யுபிஐ போட்டிருந்ததால் எனக்குச் சில்லறைத் தொல்லை வரவில்லை.

பொங்கல் அன்று முற்றத்தில் கிழக்கு பார்த்துப் பானை வைத்தோம். அக்கா சவுக்கு விறகு எடுத்து வந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொண்டுபோய் கேஸ் அடுப்பைத் தூக்கிவந்து வைத்தார். அம்மா என்ன சொல்வாரோ என்று நான் பயந்தேன். அவர் பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டியபடி, "பொங்கினா சரி" என்றார். கடலுக்கு மேலே சூரியன் முழுசாக வந்த நேரம் பால் பொங்கி வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்று மகள் கத்திய கத்தலுக்கு எதிர் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். மூச்சு இரைக்காமல் அவள் அவ்வளவு உரக்கக் கத்தி நான் கேட்டு நாளாயிற்று.

மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானமே திரும்பிவிட்டோம். காணும் பொங்கல் அன்று மாமல்லபுரத்திலும் அந்தச் சாலையிலும் நகர இடம் இருக்காது, நோயாளியோடு மாட்டிக்கொள்ளக் கூடாது.

எங்கள் தெருமுனையில் டயர் எரிந்த இடத்தில் கறுப்பு வட்டமும், டயருக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் சுருள் சுருளாகவும் கிடந்தன. அன்று பழைய சாமான்களை வாங்கிப் போன அதே தூய்மைப் பணியாளர் அம்மா அந்தக் கம்பிகளைக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார், இருமிக்கொண்டே. என் அம்மா காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, கொண்டுவந்த கரும்பில் பாதியையும் பொங்கல் தூக்கையும் அவரிடம் கொடுத்தார். நான் பையில் மிச்சமிருந்த என்95 முகக்கவசங்களை எல்லாம் கொடுத்தேன். இரண்டு நாளாகவே தொண்டை கமறுகிறது என்றார். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், பண்டிகைச் சுத்தம் முடியட்டும் என்றார்.

ராத்திரி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் போனை வாங்கி அந்த அக்காவைக் கூப்பிட்டார். "அடுத்த வருஷம் ரெண்டு ரூமும் எங்களுக்குத்தாம்மா. போகி என்னிக்குன்னு காலண்டர் வந்ததும் சொல்றேன். பக்கத்து வீட்டு மாமியும் வருவாங்க."