ஆளி விதை: முழுசா, பொடியா, ஊறவச்சதா? கிருமி கணக்குல எது தேவலாம்

ஆளி விதைன்னாலே ஒமேகா 3 பேச்சுதான், ஆனா அது வயல்ல அறுத்து காஞ்சு மூட்டையில வர்ற சரக்கு, மண்ணு, தூசி, பறவை எச்சம், எலின்னு எல்லாத்தையும் பாத்துட்டுதான் நம்ம டப்பாவுக்கு வருது. அதனால கிருமியையும் சேத்து ஒரு அலசல் போட்டுடலாம்.

முதல்ல முழு விதை. எடையில 40 சதவீதம் கிட்ட எண்ணெய், அதுல பாதிக்கு மேல ஆல்ஃபா லினோலெனிக் ஆசிட், அதாவது அந்த ஒமேகா 3 கொழுப்பு, காத்து பட்டா சட்டுனு கெடுற ரகம். தோல் உடையாத வரைக்கும் ஈரமில்லாத இடத்துல மாசக்கணக்குல தாங்கும். சிக்கல் என்னன்னா மெல்லாம முழுங்கினா பெரும்பாலும் செரிக்காம அப்படியே வெளிய போயிடும்.

அப்போ பொடின்னா, அரைச்ச நிமிஷத்துல இருந்தே காத்து வேலைய ஆரம்பிச்சிடும், சிக்கு வாடை, கசப்பு எல்லாம் அப்புறம் வரும். காத்து போகாத டப்பாவுல ஃப்ரிட்ஜ்ல வச்சு சீக்கிரம் தீத்துடணும். எண்ணெயும் இதே கதைதான், என்ன, அதுல தண்ணி இல்லாததால கிருமி தொல்லை ரொம்ப கம்மி.

ஆனா பாருங்க, சிக்கு வாடை மூக்குக்கு தெரியும், வாந்தி பேதி வரவைக்கற சால்மோனெல்லாங்கற கிருமி தெரியாது. காஞ்ச விதையில அது பெருகாது, சரி, ஆனா சாகவும் சாகாது, மாசக்கணக்குல கம்முனு உக்காந்திருக்கும், போதாக்குறைக்கு ஈரம் இல்லாம கொழுப்பு ஜாஸ்தியா இருக்கற இடத்துல சூட்டையும் நல்லா தாங்கும். அதனால லேசா ரெண்டு பொரட்டு பொரட்டி எடுத்தா கிருமி போச்சுன்னு நம்பறது தப்பு. கழுவிடலாம்னா அதுவும் நடக்காது, தோல்ல இருக்கற பிசின் தண்ணி பட்டதும் கொழகொழன்னு ஆயிடும், அப்புறம் காய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

இங்கதான் எனக்கு வீட்டுல அரைச்சதுன்னாலே சுத்தம்ங்கற நினைப்பு உதைக்குது. பச்சை விதைய மிக்ஸியில அடிச்சா உள்ள இருக்கற கிருமியும் பொடியோட பொடியா எல்லா பக்கமும் பரவும், அவ்ளோதான். தயாரிக்கற இடத்துல நீராவி காட்டி கிருமி நீக்கின பொடின்னு பாக்கெட்ல போட்டிருந்தா, கிருமி விஷயத்துல மட்டும் அதுதான் மேல், ஃப்ரெஷ்னெஸ்ல வீட்டு பொடி ஜெயிக்கும். வறுத்து அரைக்கறவங்க நல்லா ஆறவிட்டு அரைங்க, சூடா டப்பாவுல அடைச்சா மூடியில நீர் கோத்து பூஞ்சை புடிச்சிடும்.

கடைசி இடம் என்னோட லிஸ்ட்ல ஊறவச்சது, முளைகட்டினது ரெண்டுக்கும். தூங்கிட்டிருந்த கிருமிக்கு தண்ணியும் இதமான சூடும் குடுத்து எழுப்பி விடற வேலை இது, 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல மணிக்கணக்குல வச்சா கேக்கவே வேணாம். 2014ல அமெரிக்காவுலயும் கனடாவுலயும் முளைகட்டின சியா விதை பொடியால சால்மோனெல்லா பரவுச்சு, அது காய வச்சு பொடியாக்கினதுதான், அப்படியும் தப்பலை. சியா வேற ஆளி வேறதான், ஆனா ரெண்டும் கொழகொழ ரகம், முளைக்க வைக்கற விதமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஊறவச்சே தீரணும்னா ஃப்ரிட்ஜுக்குள்ள ஊற வைங்க, மறுநாளே சாப்டுடுங்க. கர்ப்பிணிங்க, சின்ன பசங்க, வயசானவங்க, எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கறவங்களுக்குன்னா பச்சையா மேல தூவாம, வேகப்போற மாவுலயோ கொதிக்கற கஞ்சியிலயோ போட்டு நல்லா வேகவிட்டு குடுங்க.