மேசையில அட்டையா, செவுத்துல காந்த போர்டா?

வேலூர் கோட்டைக்குள்ள இருக்கற அரசு மியூசியத்துல நிறைய பேர் சிலையெல்லாம் ஒரு ரவுண்டு பாத்துட்டு கெளம்பிடறாங்க, கையால எதையாவது அடுக்க வெச்சா நின்னு பாப்பாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. அதுக்கு ரெண்டு வழி இருக்கு.

அதே கோட்டைக்குள்ள இருக்கற ஜலகண்டேஸ்வரர் கோயில், 16ஆம் நூற்றாண்டு விஜயநகர வேலை, அதோட கல்யாண மண்டபத் தூண்கள போட்டோ எடுத்து யாளி, குதிரை வீரன், பூ வேலைன்னு அட்டையா வெட்டி மேசையில கொட்டிடறது ஒன்னு. ஒரு அக்கா மிருகத்தையெல்லாம் ஒரு பக்கம் சேப்பாங்க, எதுத்தாப்புல இருக்கற பையன் "இல்லக்கா, கால தூக்கி நிக்கறதெல்லாம் ஒன்னா வைங்க"ம்பான், அப்பதான் குதிரையும் யாளியும் ஒரே மாதிரி முன்னங்கால தூக்கி எழும்பறது கண்ணுல படும். இதுல தப்பு சரி கெடையாது, பேச்சுதான் வளரும். என்ன, அட்டை தொலையும், கூட ஒரு ஆள் நிக்கணும்.

இன்னொன்னு, அதே படங்கள பின்னாடி காந்தம் வெச்சு செவுத்துல சாத்தின போர்டுல ஒட்ட வெக்கறது. இந்த காந்த போர்டுன்னா எதுவும் கலையாது, ஸ்கூல் பசங்க கூட்டமா வந்தாலும் தூரத்துலர்ந்தே தெரியும். ஆனா வீல்சேர்ல வர்றவங்களுக்கும் குட்டிப் புள்ளைங்களுக்கும் மேல் வரிசை எட்டாது.

என் ஓட்டு மேசைக்குத்தான், முன்ன பின்ன தெரியாதவங்க எதிரெதிரா உக்காந்து பேசறது அங்கதான் நடக்கும். போர்ட பள்ளிக்கூடத்து புள்ளைங்க வர்ற நாள்ல மட்டும் வெளிய எடுத்தா போதும்.