பிடித்த விளையாட்டை வைத்தே வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கலாம் என்று அழைத்தால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கடந்த ஆண்டு ஓர் ஏஜென்சியை நம்பி, ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு போனேன். பதினோரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டேன். கட்டிய பணம் போனது போனதுதான். எந்த நாடு என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால், "நான் போவது வேறு நாடு, எனக்குப் பிரச்சினை இல்லை" என்று யாராவது நினைத்துவிடக்கூடும்.

விளம்பரம் சொன்னது இதுதான்: பாடப்புத்தகம் வேண்டாம், கரும்பலகை வேண்டாம். சதுரங்கமோ கிட்டாரோ தையலோ, உங்களுக்குப் பிடித்ததை அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து செய்யுங்கள், பேச்சு தானாக வந்துவிடும். வாரம் 15 மணி நேரம், ஆறு பேர் கொண்ட சிறு குழு, தங்க இடம், கைச்செலவுக்குப் பணம். எனக்குச் சதுரங்கம் என்றால் உயிர். யோசிக்காமல் சரி என்றேன்.

அந்த முறை பொய்யில்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். சனிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் சதுரங்கக் குழு நடந்தது. "குதிரையை இங்கே வைத்தால் நீ என்ன செய்வாய்?", "அந்தச் சிப்பாயை நகர்த்தியிருக்கக் கூடாது" என்று பலகையின் முன்னால் பேசாமல் இருக்க முடியாது. இலக்கணப் புத்தகத்தில் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும் அதே நிபந்தனை வாக்கியங்கள்தான். நாம் யானை என்று சொல்லும் காயை ஆங்கிலத்தில் ரூக் என்பார்கள். ரஷ்ய மொழியில் யானை என்பது மூலைவாட்டில் நகரும் பிஷப் காயை. அதே பிஷப் பிரெஞ்சில் கோமாளி, ஜெர்மனில் ஓடுபவன். "உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?" என்று ஒரு காயைத் தூக்கிக் காட்டினால் போதும், அரை மணி நேரம் பேச்சு ஓடும். பயமும் கூச்சமும் இருந்தால் காதில் விழும் மொழி உள்ளே இறங்காது என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களில் எழுதினார். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் ராணியை இழந்த கோபத்தில் முழு வாக்கியமாகப் பேசியதை என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அந்த ஒரு மணி நேரம் பெற்றோருக்குக் காட்டும் காட்சி. மற்ற நாட்களில் 38 பிள்ளைகள் உள்ள வகுப்பு, அச்சடித்த பயிற்சித்தாள்கள். ஆறு பேர் என்ற பேச்சே இல்லை. நான்காவது வாரம், சனிக்கிழமை வந்த பெற்றோரைப் பிடித்து ஆண்டுக் கட்டணம் கட்ட வைப்பதும் என் வேலை என்றார்கள். ஆள் சேராத வாரம் சதுரங்கக் குழு நடக்காது. பிள்ளைகள் பலகையை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

அடுத்து விசா. "முதலில் சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றார்கள். விமான நிலையத்தில் சுற்றிப்பார்க்க வந்தேன் என்று சொல்லச் சொன்னார்கள், நானும் சொன்னேன். அது பெரிய தவறு. கைச்செலவுப் பணம் நின்றபோது, சட்டப்படி நானே அங்கே வேலை செய்யக் கூடாதவள் என்பதால் எங்கேயும் புகார் கொடுக்க முடியவில்லை. அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். 'தன்னார்வலர்' என்று பெயர் வைத்தாலும் தப்பிக்க முடியாது. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பதிலாகச் செய்வதையும் பல நாடுகள் வேலையாகவே பார்க்கின்றன.

பாஸ்போர்ட்டைப் 'பதிவுக்காக' என்று வாங்கி ஐந்து வாரம் வைத்திருந்தார்கள். அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பட்டியலிட்டிருக்கிறது. தூதரகத்துக்குப் போகிறேன் என்று சொன்னேன், மறுநாளே கைக்கு வந்தது.

சான்றிதழ் பற்றியும் சொல்ல வேண்டும். '120 மணி நேரம், உலக அங்கீகாரம்' என்று ஒரு இணையப் படிப்பைத் தலையில் கட்டினார்கள். ஒரு மாணவர் முன்னால்கூட நிற்காமல் முடித்தேன். உலகத்துக்கே பொதுவாக இவற்றை அங்கீகரிக்கும் ஒரே அமைப்பு என்று எதுவும் கிடையாது. ஆங்கில ஆசிரியர்களுக்கான கேம்பிரிட்ஜின் செல்டா படிப்பில் உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும், அதைப் பயிற்சியாளர் பார்த்து மதிப்பிடுவார். அந்த வித்தியாசம் எனக்கு 38 பிள்ளைகள் முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது.

இன்று யாராவது கூப்பிட்டால் முதலில் வேலை விசாவுக்கான கடிதத்தைக் கேட்பேன், அது வரும்வரை ஒரு பைசா தரமாட்டேன். வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் உடன்படிக்கையின் பொதுவிதி. எல்லா நாடுகளும் ஏற்கவில்லை, என்றாலும் கேட்கலாம். பாதியில் விட்டுப்போன ஆசிரியர் ஒருவரிடமும் பேசுவேன். அவர்களே கொடுக்கும் தொலைபேசி எண்ணில் பேசி ஏமாந்தவள் நான்.

சனிக்கிழமைக் குழுவில் எடுத்த என் படம் இப்போதும் அவர்கள் விளம்பரத்தில் ஓடுகிறது. சதுரங்கப் பலகை முன்னால் சிரித்தபடி இருக்கிறேன். அதை நீக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன், இன்னும் நீக்கவில்லை.